முப்பத்தாறு பல்

வெள்ளிக்கிழமை காலையில் மருமகனுக்குச் சவரம் செய்துவிடுவது உசனாரின் வேலை. யாரும் ஒப்படைத்ததல்ல, அவராக எடுத்துக்கொண்டது. முதலில் கிணற்றடியில் நின்று, சவர்க்காரத் தூளும் மணலும் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ப்பார். முப்பது வருசத்துக் கிரீஸ் அதற்கெல்லாம் போய்விடாது, ரேகைக்குள்ளே கறுப்பாக இருந்துகொண்டேதான் இருக்கும். வாசமாவது போகட்டும் என்றுதான். பிறகு கேத்தலில் சுடவைத்த தண்ணீரைப் பேசினில் ஊற்றி, துவாயை நனைத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வருவார்.

முஆஸ் அங்கே கட்டிலில் கிடப்பான். வயது இருபத்தொன்பது. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கை தூக்கும், ஆனால் விரல் எதையும் பிடிக்காது.

"மாமா, இன்டைக்காவது புது பிளேட்டா?"

"போன கிழமைதானே மாத்தின."

"போன கிழமை என்ட தோலைத்தான் மாத்தினீங்க."

உசனார் சிரித்தார். கன்னத்தில் நுரையைப் பூசி, தாடிக்கு மேலே ஒதுக்கி வழிக்கத் தொடங்கினார். கழுத்துக்கு வந்ததும் இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்தார். கார்புரேட்டரின் சின்ன ஓட்டையைத் துப்புரவாக்கும்போது எப்படி மூச்சை அடக்குவாரோ அப்படித்தான் இப்போதும் அடக்கினார்.

"மெல்ல மாமா, இது பிஸ்டன் இல்ல, என்ட கழுத்து."

"பிஸ்டன் இவ்வளவு கதைக்காது மருமகன்."

பின்னால் சமையலறையில் உசனாரின் மனைவி சித்தி ஸுலைஹா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. மகள் ஷம்லா முற்றத்தில் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். முஆஸுடைய படுக்கை விரிப்பு ஒரு நாளைக்கு இரண்டு தரம் கொடிக்கு வரும். கல்யாணம் முடித்து எட்டாவது மாதத்தில் அவள் புருசன் விழுந்தான். விழுந்து இப்போது ஒன்றரை வருசம். கல்யாண வாழ்க்கை என்று சொல்ல அந்த எட்டு மாதம்தான் அவளுக்கு.

அவளை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிவிடுவாள். முதுகில் தோல் சிவந்தால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். சாப்பாடு ஊட்டுவாள், டியூப் மாற்றுவாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. குரலை உயர்த்தியதுமில்லை. ஒன்றே ஒன்றுதான். முஆஸ் எதையாவது அல்லாஹ் மீது சத்தியம் வைத்துச் சொல்ல வந்து, "வல்லாஹி, ஷம்லா..." என்று தொடங்கினால், "நீங்க வல்லாஹி செல்லத் தேவல்ல," என்று சொல்லிவிட்டு, செய்கிற வேலையைச் செய்துகொண்டிருப்பாள். அப்படிச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் உசனார் எங்காவது எழும்பிப் போய்விடுவார். கராஜில் வேலை இருக்கிறது என்பார். இருக்கவும் செய்யும்.

கராஜ் எத்தாளையில் றோட்டோரம் இருந்தது. நாலு தூணும் தகரக் கூரையும். எருக்கலம்பிட்டியிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் ஊரோடு விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது உசனாருக்குப் பதினாறு வயது. கிடுகுக் கொட்டிலில் குடும்பம் இருக்க, அவர் கற்பிட்டியில் ஒரு மெக்கானிக் பாஸிடம் மண்ணெண்ணெய்யில் பைக் சாமான் கழுவப் போனார். கழுவக் கழுவ ஒவ்வொரு சாமானும் எதற்கு இருக்கிறது என்று விளங்கிக்கொண்டார். இருபத்தைந்து வயதில் தனிக் கராஜ். முப்பத்தைந்து வயதில், கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி வரைக்கும், "உசனார் நானா கை வெச்சா பைக் பறக்கும்" என்ற பெயர்.

இந்தக் கரையில் அந்தப் பெயருக்கு மதிப்பிருந்தது. களப்பில் பிடிக்கிற நண்டை உயிரோடு கொண்டுபோனால்தான் புத்தளத்தில் வாங்குவார்கள். கால் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு, சூடேறாத ரெஜிபோம் பெட்டியை பைக்கின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு பறப்பார்கள். வெயிலில் கொஞ்சம் பிந்தினால் பெட்டிக்குள் பாதி செத்துப்போகும், செத்ததை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே பைக் ஓடுகிறவன் எல்லாம் உசனாரிடம் வந்தான். பின்சில்லில் செயின் ஓடுகிற பல்லுச் சில்லைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதைப் போட்டுக் கொடுப்பார். இழுவை கொஞ்சம் குறையும், ஓட்டம் கூடும். போட்டுக் கொடுத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி ஒரு பிரசங்கமும் வைப்பார்.

"வேகம் ஆளைக் கொல்றல்ல வாப்பா. பயந்து பயந்து ஓடுறவன்தான் விழுறான். கையில பைக் இரிக்கும்போது மனசுல சந்தேகம் இரிக்கப்படாது."

பொடியன்மார் அதைப் பத்வா மாதிரிக் கேட்டுக்கொண்டு போனார்கள். இவ்வளவும் சொன்ன மனிசன் பள்ளிவாசலுக்குப் போவது மிதிக்கிற துவிச்சக்கர வண்டியில்.

முஆஸும் நண்டுதான் ஏற்றினான். ஆனால் அவன் பறக்கிற ஆள் இல்லை. அவனுடைய பைக்கில் ஸ்பீட் மீற்றரின் கேபிள் உப்புக் காற்றில் துருப்பிடித்து அறுந்து மூன்று வருசம். மாற்றித் தருகிறேன் என்று உசனார் பல தரம் சொன்னார். "எனக்கென்னத்துக்கு மாமா மீற்றர்? எஞ்சின்ட சத்தத்துலயே தெரியும். நாப்பது ஒரு சத்தம், ஐம்பது ஒரு சத்தம்," என்பான். ஒரு நாள் உசனாரே பின்னால் உட்கார்ந்து, கிலோமீற்றர் கல்லையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துச் சோதித்தார். ஐம்பது என்று அவன் சொன்னது ஐம்பதாகவே இருந்தது. "காதுல மீற்றர் வெச்சிருக்கார் என்ட மருமகன்," என்று கராஜில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார்.

போன நோன்புக்கு முந்தின நோன்பில், பத்தொன்பதாம் நாள், முஆஸ் ஆறு நிமிசம் பிந்தி வந்தான். நண்டு வாங்குகிற இடத்தில் தராசுக்குக் காத்திருந்ததில் பிந்திவிட்டது. பள்ளியில் மஃரிப் பாங்கு சொல்லியாயிற்று. கஞ்சிக் கோப்பைகளைச் சுற்றி எல்லாரும் நோன்பு திறந்தார்கள். ஷம்லா மட்டும் ஈச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நோன்பு திறக்கப் பிந்தப்படாது புள்ள. வாயில போடு," என்றாள் ஸுலைஹா.

"அவர் வரட்டும் உம்மா."

"அவர் றோட்டுல தண்ணி குடிச்சுத் திறந்திருப்பார்."

"அவர் வரட்டும்."

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் நோன்பு. அந்தப் பிடிவாதத்தில் இருந்த சந்தோசத்தை எல்லாரும் கண்டார்கள். ஆனால் அன்றைக்கு அவள் விடியுமுன் ஸஹருக்கும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பைக் சத்தம் கேட்டுப் படலையைத் திறக்க எழும்பியவள் தலைசுற்றிக் கதவு நிலையில் மோதினாள். உதடு வெடித்து இரத்தம். படலையடியில் பைக்கைப் போட்டுவிட்டு முஆஸ் ஓடி வந்தான்.

ஷம்லா உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு சொன்னது இதுதான். "என்ட பிழை. நாளையிலிருந்து பாங்கு சொன்னதும் நான் திறந்துருவேன். ஆனா எனக்காக நீங்க பறந்து வரப்படாது. வல்லாஹி செல்லுங்க."

"வல்லாஹி, ஐம்பதுக்கு மேல வரமாட்டேன்."

"ஐம்பதா? அப்பிடி வந்தா மருமகன் ஸஹருக்குத்தான் வந்து சேருவார்," என்றார் உசனார். எல்லாரும் சிரித்தார்கள், ஷம்லாவும் உதட்டை நோவோடு இழுத்துச் சிரித்தாள்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்த உசனாருக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டிக்கார யோசனை. முஆஸ் பைக்கில் இருந்தது நாற்பத்து மூன்று பல்லுச் சில்லு. கராஜில் முப்பத்தாறு பல்லு ஒன்று கிடந்தது. அதைப் போட்டால், ஐம்பதின் சத்தத்துக்கு பைக் அறுபதில் போகும். பாலாவிச் சந்தியிலிருந்து வீட்டுக்கு ஆறு நிமிசம் மிச்சம். மருமகன் வாக்குத் தவறமாட்டார், அவர் காது ஐம்பது என்றே சொல்லும். மகளும் பட்டினியோடு காத்திருக்கமாட்டாள். பாங்குக்கு முந்தி அவர் படலையில் வந்து நின்று நேரத்தைப் பார்த்துத் திகைக்கும்போது, கஞ்சிக் கோப்பையை நீட்டிக்கொண்டு விசயத்தைச் சொல்லிச் சிரிக்கலாம்.

முஆஸ் எழும்புவதற்கு முன்னால் முக்கால் மணித்தியாலத்தில் வேலையை முடித்தார்.

பகல் முஆஸ் போனில் கோல் எடுத்தான். "பைக்குக்கு என்ன செஞ்சீங்க மாமா? வழுக்கிட்டுப் போகுது."

"செயின் தளர்ந்திருந்த. இறுக்கினேன்," என்றார் உசனார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

அன்று மாலை, நுரைச்சோலை தாண்டி, தோட்டங்கள் முடிகிற வளைவில் கழுதைகள் றோட்டைக் கடந்தன. அந்த நேரத்தில் அங்கே கழுதை கடப்பது புதினமில்லை, முஆஸுக்கு அது தெரியும். எங்கே பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும் என்றும் தெரியும். அங்கேதான் பிடித்தான். நிற்கவில்லை.

மறுநாள் உசனார் அந்த இடத்துக்குப் போய் றோட்டில் டயர் இழுபட்ட கறுப்புக் கோட்டைக் காலடியால் அளந்தார். ஐம்பதில் வந்திருந்தால் கழுதைக்கு முன்னால் நாலைந்து அடி மிஞ்சியிருக்கும். ஆஸ்பத்திரியில் மகள் காத்திருக்கிறாள் என்பதை மறந்து அந்த வளைவில் வெகுநேரம் நின்றார். இடிபட்ட கழுதை ஒரு காலை நொண்டிக்கொண்டு வேலியோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

பொலிஸில் இருந்த பைக்கைப் பார்க்க வந்த அதிகாரி, பிரேக் சரி, டயர் சரி, வேகம் கூட என்று எழுதினார். அவர் எழுதியது பொய்யில்லை. ஊரும் அதைத்தான் சொன்னது: நோன்பு திறக்கப் பறந்தவன். முஆஸுக்கு அன்றைய பகல் முழுக்க மறந்துபோய்விட்டது. சத்தம் மட்டும் மறக்கவில்லை. கொழும்பு ஆஸ்பத்திரியில் கண் திறந்து கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒன்றையே சொன்னான்: "நான் ஐம்பதுலதான் வந்த. அதே சத்தம். என்ட காதுல இப்பவும் இரிக்கு." யாரும் நம்பவில்லை. வார்ட்டில் இருந்த நேர்ஸ் கூட, "எல்லாரும் அப்பிடித்தான் தம்பி சொல்றது," என்றாள். வல்லாஹி சொன்ன ஆள் மறுநாளே அதை முறித்தார், முறித்ததை ஒப்புக்கொள்ளாமல் கட்டிலில் கிடந்துகொண்டும் பொய் சொல்கிறார் என்று ஷம்லா முடிவுசெய்துவிட்டாள். கால் போன புருசனை அவளால் பார்க்க முடியும். வாக்குப் போனவனைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து பைக் வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் கொழும்பில் நின்றார்கள். உசனார் கராஜுக்குள் வைத்து முப்பத்தாறு பல்லைக் கழற்றி, பழைய நாற்பத்து மூன்றைத் திரும்பப் போட்டார். கழற்றியதைக் களப்பில் வீசலாம் என்று படலை வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். மேசைக்குக் கீழே, டீசல் டின்னுக்குள் அது கிடக்கிறது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. பெருநாள் அன்று நினைத்தார். முஆஸுக்குக் காய்ச்சல் கூடிய கிழமை நினைத்தார். சொன்னால் மகளுக்கு ஆறுதலுக்கு இருக்கிற வாப்பாவும் இல்லாமல் போய்விடுவார் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மகள் தன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்தான் மீதி, அந்த மீதி பெரிசு. வேகத்துக்கு பைக் திருத்துவதை மட்டும் நிறுத்தினார். பொடியன்மார் அடுத்த ஊரில் வேறொரு கராஜைப் பிடித்துக்கொண்டார்கள். போன நோன்பிலும் மாலை ஐந்தே முக்காலிலிருந்து அதே றோட்டில் பைக்குகள் சீறிக்கொண்டுதான் போயின. உசனாரின் பழைய பிரசங்கத்தை இப்போது அந்தக் கராஜ்காரன் சொல்கிறானாம், சொல்லுக்குச் சொல் மாறாமல்.

சவரம் பாதியில் இருக்கும்போது படலையடியில் ஸலாம் சொல்லிக்கொண்டு ஸப்வான் வந்தான். முஆஸின் தம்பி. வீட்டில் வேறு உழைக்கிற ஆள் இல்லாமல், நானாவின் நண்டு ஓட்டத்தை அவன் ஏற்கப்போகிறான். பைக்கை முன்தினம்தான் உசனார், மீற்றர் கேபிளும் புதிசாக மாட்டி, ஓடக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்.

"நானா, மாப்பிள்ளை மாதிரி இரிக்கீங்க," என்றான் கட்டில் காலடியில் குந்தியபடி.

"அரைவாசி மாப்பிள்ளைடா. மற்றக் கன்னம் இன்னும் இரிக்கு."

"பைக்கைக் கொஞ்சம் ஓடிப் பார்த்தேன் மாமா. நல்லாரிக்கு. ஆனா கத்துது. ஐம்பது தாண்டினா எஞ்சின் உம்மா வாப்பாவைக் கூப்பிடுது." அவன் சிரித்தான். "முந்தி றிம்ஸானுக்குப் போட்டுக் குடுத்தீங்களே சின்னப் பல்லுச் சில்லு, அதுல ஒன்டைப் போட்டுத் தாங்களே."

"நான் இப்ப அந்த வேலை செய்றல்ல," என்றார் உசனார். கத்தியைத் தண்ணீரில் அலசினார்.

"எனக்கு மட்டும். நண்டு சாகாமக் கொண்டுபோகணுமே."

"மெதுவாப் போ. சாகிறது நண்டுதானே."

"அது சரி," என்ற முஆஸ் கட்டிலிலிருந்து கேட்டான், "சின்னச் சில்லு போட்டா என்னடா செய்யும்?"

"உங்களுக்குத் தெரியாதா நானா? நீங்க ஒரு நாளும் போடல்ல என்ன. எஞ்சின் கத்தாது, ஆனா பைக் போகும். இப்ப ஐம்பதுல வாற சத்தம் இரிக்கே, அதே சத்தத்துல அறுபதுல போகலாம். உட்கார்ந்திருக்கிறவனுக்கே தெரியாது. வழுக்கிட்டுப் போகும்."

முஆஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உசனார் கத்தியைக் கன்னத்துக்குக் கொண்டுபோய், வழிக்காமலே எடுத்துவிட்டார்.

"அதே சத்தத்துல," என்றான் முஆஸ் மெதுவாக.

அந்த நேரம் ஷம்லா முந்தின நாள் காய்ந்த துணிக் கட்டோடு உள்ளே வந்தாள். கதிரையில் துணியை வைத்து மடிக்கத் தொடங்கினாள்.

"மாமா," என்றான் முஆஸ். "என்ட பைக்குல எந்தச் சில்லு இருந்த?"

உசனார் துவாயைத் தேடினார். அது அவர் தோளிலேயே கிடந்தது.

"உங்கட பைக்குல பெரிசுதான் நானா," என்று ஸப்வானே முந்திக்கொண்டு சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். "நேத்து நான் எண்ணிப் பார்த்தேன். நாப்பத்து மூணு பல்லு. கம்பனியில வந்த அதே சில்லு. அதாலதானே மாத்தித் தாங்கன்டு கேக்கிறேன்."

முஆஸின் முகத்தில் எழுந்திருந்த ஏதோ ஒன்று அப்படியே அமர்ந்துபோனது. "அப்ப சரி," என்றான். பிறகு, யாருக்கும் சொல்லாதது போல, "ஆனா அதே சத்தம்," என்றான்.

ஷம்லா துணி மடிப்பதை நிறுத்தினாள். ஒன்றரை வருசத்தில் முதல் தரமாக அவள் அந்த வார்த்தையைக் காதில் போட்டுக்கொண்டதை உசனார் கண்டார். அவள் புருசனைப் பார்த்தாள், பிறகு வாப்பாவைப் பார்த்தாள். எதில் என்ன பிழை என்று கண்டுபிடிக்கிற ஆள் வாப்பாதான் என்று நம்புகிற பார்வை அது. சின்ன வயதில் உடைந்த விளையாட்டுச் சாமானைக் கொண்டுவந்து நீட்டும்போதும் இப்படித்தான் நிற்பாள்.

ஸப்வானுக்கு அறையின் நிலை விளங்கவில்லை. "நான் பைக்கை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்," என்று எழும்பி வெளியே போனான்.

முற்றத்தில் பைக் உறுமியது. அவன் முறுக்கினான், விட்டான், மறுபடியும் முறுக்கினான். கட்டிலில் முஆஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இப்ப நாப்பது," என்றான். கொஞ்சம் பொறுத்து, "இதான். இதான் ஐம்பது."

ஷம்லா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். "வாப்பா," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அன்டைக்கு இவர் ஐம்பதுன்டு நினைச்சுக்கொண்டு கூட வந்திருக்க ஏலுமா? இவருக்கே தெரியாம?"

உசனார் மருமகனின் மற்றக் கன்னத்தைப் பார்த்தார். நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிட்டிருந்தது. ஒரு சொல் போதும் என்று அவருக்குத் தெரிந்தது. ஓம் என்ற ஒரு சொல். அதற்குப் பின்னால் வரப்போகிற நூறு கேள்வியும் தெரிந்தது. டீசல் டின், மேசைக்குக் கீழே. செயின் இறுக்கினேன். கஞ்சிக் கோப்பையோடு சொல்ல வைத்திருந்த சிரிப்பு.

"செல்லுங்க மாமா," என்றான் முஆஸ், கண்ணைத் திறக்காமலே. "நீங்க சென்னா இவள் நம்புவாள்."

வெளியே பைக் நின்றது. உசனார் வாயைத் திறந்தார். கையிலிருந்த கத்தியைத் துவாயில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த பக்கத்தையே மறுபடியும் துடைத்தார்.

ஷம்லா காத்திருந்தாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கக் காத்திருந்தாள். பிறகு, பதில் கிடைத்தவள் போல, குனிந்து, முடியும் நுரையும் மிதந்த பேசினை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"தண்ணி ஆறிட்டு," என்றாள். "வேற கொண்டாறேன்."

ஒரு சொட்டும் சிந்தாமல், கதவுச் சீலையைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனாள்.